‘ப’ வடிவில் உட்காரவைத்தால் பிள்ளைகள் படித்துவிடுவார்களா?

அரசு நடுநிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆசிரியை கேட்டிருக்கும் கேள்வி இது. “கடைசி பெஞ்ச் என்று ஒன்று இருக்கக் கூடாது, எல்லாரையும் ‘ப’ வடிவில் உட்காரவையுங்கள் என்கிறார்கள். நானும் மாற்றிப் பார்த்தேன். கொஞ்ச நாளிலேயே பிள்ளைகள் கழுத்து வலிக்கிறது என்கிறார்கள், வகுப்பில் சத்தமும் கூடிவிட்டது. வகுப்பறைச் சூழல் உண்மையிலேயே படிப்பை மாற்றுமா? ஆசிரியருக்கு அதனால் என்ன ஆகிறது?”

மாற்றும் டீச்சர். ஆனால் நாம் நினைக்கிற வழியில் மாற்றாது. பெஞ்சை நகர்த்தினால் பிள்ளை மாறிவிடும் என்று எதிர்பார்க்கிறோம். அறை முதலில் கை வைப்பது ஆசிரியர் மீது. அவர் எங்கே நிற்கிறார், யாரைப் பார்த்துப் பேசுகிறார், எவ்வளவு சத்தமாகப் பேசுகிறார், எதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார் என்பதையெல்லாம் அறைதான் பாதி தீர்மானிக்கிறது. அதற்கப்புறம்தான் அது பிள்ளையிடம் போய்ச் சேருகிறது. ஆசிரியர் பயிற்றுநராகப் பள்ளி பள்ளியாகப் போய் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்த்ததே என் வேலையாக இருந்தது. அதில் கண்டதையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் ‘ப’. கேரளத்தில் ஒரு திரைப்படத்தைப் பார்த்துச் சில பள்ளிகள் இப்படி மாற்ற, 2025 ஜூலையில் தமிழ்நாட்டிலும் பள்ளிக் கல்வித் துறை இதை முயன்று பார்க்கச் சொன்னது. கழுத்து வலிக்கும், கரும்பலகை தெரியாது என்று உடனே எதிர்ப்பும் கிளம்பியது. எதிர்த்தவர்கள் சும்மா குறை சொல்லவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20க்கு 20 அடி அறை. கரும்பலகைச் சுவரை விட்டுவிட்டால் மூன்று சுவர், 60 அடி. ஒரு பிள்ளைக்கு ஒன்றரை அடி என்றால் 40 பேர் உட்காரலாம்போலத் தோன்றும். ஆனால் கரும்பலகையை ஒட்டி இரண்டு பக்கமும் நான்கு நான்கு அடி விட வேண்டும், இல்லாவிட்டால் அங்கே உட்காருகிறவனுக்குப் பலகை கோடாகத்தான் தெரியும். வாசலுக்கு நான்கு அடி. மூலைகளில் டெஸ்க்கும் பெஞ்சும் ஒன்றோடொன்று இடிப்பதால் பின்சுவரில் ஆறு அடி போய்விடும். மிச்சம் 42 அடி, 28 பிள்ளைகள். 29ஆவது பிள்ளை வந்ததும் இரண்டாவது வரிசை போட வேண்டியதுதான். கடைசி பெஞ்ச் ஒழிந்தது என்று நினைத்தால் மூன்று சுவரிலும் மூன்று கடைசி பெஞ்ச் முளைத்திருக்கும்.

சரி, இடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பலன் உண்டா? உண்டு, ஒரு குறிப்பிட்ட வேலைக்கு. ஜெர்மனியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மார்க்ஸ், ஃபூரர், ஹார்டிக் என்ற மூவர் ஓர் ஆய்வு செய்து 1999ல் வெளியிட்டார்கள். அதே பிள்ளைகளை வரிசையாகவும் அரைவட்டமாகவும் மாற்றி மாற்றி உட்காரவைத்தார்கள். அரைவட்டத்தில் பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்டார்கள். காரணம் எளிது, ஆசிரியரின் கண் எல்லார் மேலும் பட்டது. அதற்கு முன்பே, 1970ல், அமெரிக்காவில் ஆடம்ஸும் பிடிலும் வரிசை வகுப்புகளைப் படம் பிடித்துப் பார்த்து ஒன்று சொன்னார்கள். ஆசிரியர் கேட்கும் கேள்விகளும் பிள்ளைகள் சொல்லும் பதில்களும் பெரும்பாலும் முன்வரிசையிலும் நடுவில் ஓடும் ஒரு பட்டையிலும்தான் நடக்கின்றன. ஓரத்தில் இருப்பவர்கள் வகுப்பில் இருக்கிறார்கள், பாடத்தில் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1980களில் கெவின் வெல்டால் செய்த ஆய்வுகளில், தனியாக உட்கார்ந்து எழுத வேண்டிய, கணக்குப் போட வேண்டிய நேரத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளைவிட வரிசையில் உட்கார்ந்தவர்கள் வெகு அதிகமாக வேலையில் இருந்தார்கள். அடங்காத பிள்ளைகள் என்று பெயர் வாங்கிய வகுப்பில் இந்த வித்தியாசம் இரு மடங்கு அளவுக்குப் போனது. எதிரே நண்பன் முகம் தெரிந்தால் எந்தப் பையன் பின்னக் கணக்கைப் பார்ப்பான்? உங்கள் வகுப்பில் சத்தம் கூடியதற்கு இதுதான் காரணமாக இருக்கும். ‘ப’வில் உட்காரவைத்துவிட்டு, வரிசையில் செய்யும் வேலையையே கொடுத்திருப்பீர்கள். பேசுவதற்கான அமைப்பைக் கொடுத்துவிட்டுப் பேசாதே என்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

இனி நம் ஊரில் நடந்த பெரிய பரிசோதனைக்கு வருகிறேன். இதை மறந்துவிட்டுப் பெஞ்சைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. செயல்வழிக் கற்றல். உங்களுக்குப் பயிற்சிக் கல்லூரிப் பாடமாக வந்திருக்கும். எங்களுக்கு அது வாழ்க்கை. ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷி வேலி பள்ளி, சுற்றியிருக்கும் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறை. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பார்க்கவைத்தார். 2003ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். அவரே பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானதும், 2007-08ல் மாநிலம் முழுக்க அரசு, உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு இது போனது.

அந்த வகுப்பறையில் என்ன மாறியது என்று பாருங்கள். பெஞ்ச் போனது, பாய் வந்தது. ஆசிரியரின் நாற்காலியும் மேசையும் வெளியே போயின. சுவரில் தரையிலிருந்து கைக்கெட்டும் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம், அதில் அவரவர் பெயர். தலைக்குமேல் கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்த படங்கள் தொங்கும். சுவரில் ஏணிப்படி, அதாவது கற்க வேண்டியவற்றைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் படம். எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, அடுத்த படிக்கான பாட அட்டையை அலமாரியிலிருந்து தானே எடுத்துக்கொண்டு, அட்டையில் இருக்கும் சின்னத்துக்கு உரிய குழுவில் போய் உட்காரும். ஆசிரியரோடு உட்காரும் குழு ஒன்று, பாதி உதவி பெறும் குழு ஒன்று, இன்னொரு பிள்ளையிடம் கேட்டுப் படிக்கும் குழு, தானே செய்யும் குழு என்று போகும். ஒன்றாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை ஒரே அறையில் கலந்திருக்கும்.

இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது பிள்ளைகள் இல்லை. நாற்காலியை எடுத்ததும் ஆசிரியருக்கு என்ன நடந்தது என்பதுதான். தரையில் உட்கார்ந்த ஆசிரியரால் நாற்பது பேரை ஒரே நேரத்தில் அதட்ட முடியாது. குரல் தானாகவே எட்டுப் பேருக்குக் கேட்கும் அளவுக்கு இறங்கும். பிரம்பை வைக்க மேசையே இல்லை. ஒரு பிள்ளையின் நோட்டை அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அது ‘ற’வை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறது என்று தெரியும். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் எழுத்து சரியா தப்பா என்பது மட்டும்தான் தெரியும். மூட்டு வலியோடு பாயில் உட்கார்ந்து எழுந்த ஆசிரியைகள் எங்களைச் சபித்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் தரையில் உட்காரச் சொல்வது லேசான விஷயம் இல்லை. ஆனால் அவர்களிலேயே சிலர், “சார், இந்தப் பையனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்கு இப்பதான் தெரியுது” என்றார்கள். அதுவரை அந்தப் பையன் கூட்டத்தோடு கோரஸாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஏன் அது தேய்ந்து போனது? பல காரணம் சொல்வார்கள். அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, புதிது வர மாதக் கணக்கானது. ஏணிப்படி இறுகிப்போனது, ஒரு படியைத் தாண்டிப் போகத் தெரிந்த பிள்ளையும் வரிசைப்படிதான் ஏற வேண்டியிருந்தது. பெற்றோர் வாசலில் வந்து நின்று, “டீச்சர் பாடமே நடத்த மாட்டேங்கிறாங்க, பிள்ளைங்களே அட்டையை வெச்சு விளையாடுதுங்க” என்றார்கள். என் பார்வையில் முக்கியமான காரணம் வேறு. மேலிருந்து பார்வையிட வந்தவர்கள் பார்த்தது பாய் இருக்கிறதா, கம்பிப் பந்தலில் படம் தொங்குகிறதா, ஏணிப்படி ஒட்டியிருக்கிறதா என்பதை மட்டுமே. கண்ணால் எண்ண முடிந்தவை அவைதான். எனவே அவை இருந்தன. பாயில் பிள்ளைகளை உட்காரவைத்து, ஆசிரியர் நின்றுகொண்டு பழையபடி ஒட்டுமொத்தமாகச் சொல்லிக்கொடுத்தார். சூழலின் ஓடு மட்டும் மிஞ்சியது. இப்போது ‘ப’ வடிவத்துக்கும் அதே ஆபத்து இருக்கிறது. புகைப்படத்தில் நன்றாக வரும்.

ஆனாலும் முழுக்கப் போய்விடவில்லை. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடி, ஒன்று முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகள் 2021 நவம்பர் 1ல்தான் மறுபடி வகுப்புக்கு வந்தார்கள். அந்த இடைவெளியைச் சரிக்கட்ட 2022 ஜூனில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பு வாரியாக இல்லாமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்தது பழைய ஏணிப்படியின் பேரன்தான்.

அடுத்தது சத்தம். இதைப் பற்றி நம் ஊரில் யாரும் கவலைப்படுவதே இல்லை, எனக்கோ இதுதான் முதல் கவலை. பழைய உதவி பெறும் பள்ளிகள் பலவற்றில் ஒரு நீளமான ஹால்தான் இருக்கும். நடுவே தட்டி வைத்து மறைத்து மூன்று வகுப்பு. இந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு “ஏழு எட்டு ஐம்பத்தாறு” என்று ராகம் போடும். அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்துக் கூட்டிக் காட்டிக்கொண்டிருப்பார். நடுவில் இருக்கும் நான்காம் வகுப்பின் கதி? அந்த ஆசிரியை சத்தத்தைத் தாண்டிக் கத்த வேண்டும். அவர் கத்த, இரண்டு பக்கமும் குரல் உயரும். பதினோரு மணிக்குள் மூன்று பேரும் உச்சஸ்தாயியில் இருப்பார்கள். பிற்பகலில் மூவரும் ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள், “எல்லாரும் பாடத்தைப் பார்த்து எழுதுங்க”. அது சோம்பல் இல்லை, தொண்டையின் தீர்ப்பு.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கில் மேம்பால ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. கட்டடத்தின் ஒரு பக்கத்து வகுப்புகளுக்குச் சில நிமிடத்துக்கு ஒரு தடவை ரயில் சத்தம், மறுபக்கத்துக்கு அமைதி. அர்லைன் பிரான்ஸாஃப்ட் என்ற உளவியலாளர் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண்ணை ஒப்பிட்டு 1975ல் வெளியிட்டார். ஆறாம் வகுப்புக்கு வரும்போது சத்தப் பக்கத்துப் பிள்ளைகள் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். ரயில் போகும் ஒவ்வொரு தடவையும் ஆசிரியர் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது, இழையை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. பிறகு தண்டவாளத்தில் ரப்பர் பட்டை வைத்து, வகுப்புகளின் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகையும் போட்டார்கள். அவர் மறுபடி போய்ப் பார்த்து 1981ல் எழுதினார், வித்தியாசம் காணாமல் போயிருந்தது. பிள்ளைகளும் மாறவில்லை, பாடத்திட்டமும் மாறவில்லை. மியூனிக் நகரில் 1992ல் பழைய விமான நிலையத்தை மூடிப் புதியதைத் திறந்தபோதும் இப்படித்தான். பழைய நிலையத்தின் அருகே இருந்த பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் தேறின, புதியதன் அருகே இருந்தவர்களுக்குக் குறைந்தன.

பாடம் நடக்கும்போது வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999லேயே சொல்லியிருக்கிறது. நம் வகுப்பில் ஒரு பழைய மின்விசிறியே அதைத் தாண்டிவிடும். பிற வேலை செய்கிறவர்களைவிட ஆசிரியர்களுக்குக் குரல் கோளாறு அதிகம் என்பது பல நாடுகளில் பார்த்து உறுதியான விஷயம். இடுப்பில் கட்டிக்கொள்ளும் மைக்கை ஆசிரியைகள் சொந்தக் காசில் வாங்குவது இதனால்தான். ஒருவர் மைக் வாங்கினால் பக்கத்து வகுப்பும் வாங்கியாக வேண்டும் என்பது வேறு கதை.

வெயிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கே தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் இரண்டு மணி வகுப்பில் யார் படிக்கிறார்கள்? அமெரிக்காவில் ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணைத் தட்பவெப்பத்தோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2020ல் வந்தது. ஏசி இல்லாத பள்ளிகளில் அந்த ஆண்டின் சராசரி வெப்பம் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால், அந்த ஆண்டுப் படிப்பில் ஒரு சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். ஒரு சதவீதம் சின்னதாகத் தெரியும். நம் வெயில் ஒரு டிகிரியோடு நிற்பதில்லை. 2023ல் ஜூன் 1ல் திறக்க வேண்டிய பள்ளிகளை 7க்குத் தள்ளி, அப்புறம் 12க்குத் தள்ளினோம். கணக்குப் பாடத்தைக் காலையிலும் உடற்கல்வி, ஓவியத்தை மதியத்திலும் போடுவது காசில்லாமல் செய்யக் கூடியது. கால அட்டவணை போடும் தலைமை ஆசிரியர் மனது வைத்தால் போதும்.

சுவரில் ஒட்டும் வண்ணப் படங்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன், ஏனென்றால் ஆசிரியைகள் தூக்கம் கெட்டுச் செய்யும் வேலை அது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2014ல் ஒரு சின்ன ஆய்வு, 24 மழலையர். சுவர் முழுக்கப் படம் ஒட்டிய அறையில் பாடம் கேட்டபோது அதிகம் கவனம் சிதறினார்கள், பாடத்துக்குப் பின் கேட்ட கேள்விகளில் 42 சதவீதம் சரி. வெறும் சுவர் இருந்த அறையில் 55 சதவீதம். இதற்காக எல்லாவற்றையும் கிழித்துப் போட வேண்டாம். இங்கிலாந்தில் சால்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பாரெட் குழு 153 வகுப்பறைகளை ஆராய்ந்தது. வெளிச்சம், காற்று, வெப்பம், நிறம், பிள்ளைக்கு ‘இது என் இடம்’ என்று தோன்றுவது எல்லாம் சேர்ந்து, ஓராண்டில் பிள்ளைகளின் முன்னேற்றத்தில் காணும் வேறுபாட்டில் 16 சதவீதத்துக்குக் காரணம் என்று அவர்கள் 2015ல் சொன்னார்கள். சுவர் அலங்காரத்தில் அவர்களும் நடுத்தரத்தையே சிபாரிசு செய்தார்கள். கரும்பலகை இருக்கும் சுவரை வெறுமையாக விடுங்கள். பிள்ளைகள் செய்ததைப் பின்சுவரில் ஒட்டுங்கள். கடையில் வாங்கிய பழங்களின் சார்ட் ஆறு வருடமாக அங்கேயே இருந்தால் அது சுவரின் நிறமாகிவிட்டது என்று அர்த்தம், எடுத்துவிடலாம்.

கழிப்பறை. சூழல் பற்றிப் பேசும் கருத்தரங்குகளில் இது கடைசியில்தான் வரும், பெண் பிள்ளைகளுக்கு முதலில் வருவது இதுதான். கேரளத்தில் 2019ல் தண்ணீர் குடிக்கத் தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள், நம் பக்கமும் அந்த வழக்கம் வந்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் ஏழாம் வகுப்புப் பெண் மணி அடித்ததும் பாட்டிலைத் தூக்கி உதட்டில் வைத்து, ஒரு வாய்கூட விழுங்காமல் இறக்கி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை என்றால் அவள் ஏன் குடிப்பாள்? காலையில் வீட்டில் போனவள் மாலையில் வீட்டில்தான் போவாள். மூன்றாவது பீரியடுக்கு மேல் தலைவலி, வயிற்றுவலி. நாம் அதற்குக் கவனக்குறைவு என்று பெயர் வைப்போம். இந்தியாவில் 2003ல் பெரிய அளவில் நடந்த பள்ளிக் கழிப்பறைத் திட்டத்தை அஞ்சலி அடூகியா ஆராய்ந்து 2017ல் எழுதினார். கழிப்பறை கட்டிய பள்ளிகளில் சேர்க்கை கூடியது. சின்னப் பிள்ளைகளுக்கு எந்தக் கழிப்பறை இருந்தாலும் பயன் இருந்தது. வயதுக்கு வரும் பருவத்துப் பெண்களுக்கோ தங்களுக்கென்று தனிக் கழிப்பறை இருந்தால்தான் பயன். இதே கழிப்பறைதான் ஆசிரியைகளுக்கும். பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கும் ஆசிரியைகள் எத்தனை பேர் என்று எந்தப் படிவத்திலும் கேட்பதில்லை.

ஆசிரியர் பள்ளிக்கு வருவதையே கட்டடம் பாதிக்கிறது என்றால் நம்புவீர்களா? 2003ல் இருபது மாநிலங்களில் சொல்லாமல் கொள்ளாமல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய் எண்ணிப் பார்த்தார்கள். நான்கில் ஓர் ஆசிரியர் இல்லை. எல்லாரும் மேற்கோள் காட்டுவது இந்த எண்ணிக்கையை மட்டும்தான். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. சம்பளம் கூடுதலாக வாங்கும் ஆசிரியர்கள் குறைவாக விடுப்பு எடுத்ததாகத் தெரியவில்லை. கட்டட வசதி நன்றாக இருந்த, தார்ச் சாலைக்குப் பக்கத்தில் இருந்த, அண்மையில் யாராவது பார்வையிட வந்த பள்ளிகளில் ஆசிரியர்கள் அதிகம் இருந்தார்கள். மழைக்கு ஒழுகும் அறைக்கு, பிள்ளைகள் வராத நாளுக்கு, யாரும் எட்டிப் பார்க்காத ஊருக்குத் தினமும் பஸ் மாறிப் போக ஒரு தனி மன உறுதி வேண்டும். சிலரிடம் அது இருக்கிறது. எல்லாரிடமும் எதிர்பார்த்துத் திட்டம் போட முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் கல், மண், காற்று. இன்னொரு சூழல் இருக்கிறது, யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறு, ஏழாம் வகுப்புப் பையன்களிடம் புதிர்ப்பாதை விளையாட்டைக் கொடுத்து, வழி கண்டுபிடித்தால் காசு என்றார்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும். சாதியைச் சொல்லாதபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் மற்றவர்களும் சமமாகவே போட்டார்கள். விளையாட்டு தொடங்குமுன் ஒவ்வொருவர் பெயரையும் சாதியையும் சத்தமாக வாசித்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை விழுந்துவிட்டது. பையன் அதே பையன், காகிதம் அதே காகிதம்.

நம் ஊரில் யாரும் சத்தமாக வாசிப்பதில்லை, தேவையும் இல்லை. கையில் கட்டும் கயிற்றின் நிறம் சொல்லிவிடும். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறுக்குத் தடை, பள்ளிப் பெயரில் சாதி நீக்கம் ஆகியவற்றோடு, பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. ‘ப’வா வரிசையா என்று சண்டை போட்ட நாம் இந்தப் பரிந்துரையைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. எந்த வடிவத்தில் உட்காரவைத்தாலும் அவரவர் விருப்பத்துக்கு விட்டால், தெருவில் எப்படிப் பிரிந்திருக்கிறார்களோ அப்படியே வகுப்பிலும் பிரிந்து உட்காருவார்கள். சில ஊர்களில் இதை மாற்ற நினைக்கும் ஆசிரியருக்கு மாலையில் வாசலில் ஆள் வந்து நிற்கும். உள்ளூர் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவரையே அங்கே தலைமை ஆசிரியராகப் போட வேண்டாம் என்று அந்தக் குழு சொன்னதும் இதை யோசித்துத்தான்.

ஆசிரியர் அறையையும் சொல்லாமல் முடிக்க முடியாது. புதிதாக வருகிறவர் எப்படிப்பட்ட ஆசிரியர் ஆகப் போகிறார் என்பதை முதல் இரண்டு வருடம் அங்கே கேட்கும் பேச்சு பெருமளவு முடிவு செய்கிறது. “எட்டு பி-யா? அது தேறாது, நீங்க சும்மா சிரமப்படாதீங்க” என்று டீ குடிக்கும்போது ஒரு மூத்தவர் அக்கறையோடுதான் சொல்வார். அடுத்த நாள் எட்டு பி-யில் பதில் சொல்லத் திணறும் பிள்ளைக்கு நீங்கள் காத்திருக்கும் நேரம் உங்களுக்கே தெரியாமல் பாதியாகும். நல்ல தலைமை ஆசிரியர் இருக்கும் பள்ளியில் அதே டீ நேரத்தில் “அந்தப் பையன் நேத்து என்கிட்ட ஒரு கேள்வி கேட்டான் பாருங்க” என்று பேச்சு ஓடும். கட்டடம் ஒன்றேதான், அடைசலும் ஒன்றேதான். செயலியில் பதிவு, படிவம், புள்ளிவிவரம் என்று இரண்டு பள்ளிக்கும் தொல்லை சமம்தான். ஒன்றில் தலைமை ஆசிரியர் அதைத் தானே உட்கார்ந்து முடித்து வகுப்பு நேரத்தைக் காப்பாற்றுகிறார்.

உங்கள் வகுப்புக்கு வருவோம். ‘ப’வைத் தூக்கி எறிய வேண்டாம், நாள் முழுக்க வைத்திருக்கவும் வேண்டாம். தமிழில் கதை பேசும் பாடம், சமூக அறிவியலில் விவாதம், அறிவியலில் எல்லாரும் பார்க்க வேண்டிய சோதனை, இவற்றுக்கு மட்டும் மாற்றுங்கள். கணக்குப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் வரிசை. பெஞ்சை நகர்த்த மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறதென்றால் பெஞ்சை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தரையிலோ வேப்ப மரத்தடியிலோ வட்டமாக உட்காரவையுங்கள், செலவில்லை. கழுத்து வலிக்கு வழி, பக்கவாட்டில் இருப்பவர்களைக் கரும்பலகை பக்கம் கொஞ்சம் சாய்த்துத் திருப்பி உட்காரவைப்பதும், வாரம் ஒரு முறை இடம் மாற்றுவதும். கண்ணாடி போட வேண்டிய பிள்ளை போடாமல் இருக்கிறதா என்பதையும் அதே சமயம் பார்த்துவிடுங்கள். கழுத்து வலி என்று சொல்கிற சிலருக்கு உண்மையில் பலகை தெரியாமல் இருக்கலாம்.

அப்புறம், உங்கள் வகுப்பில் ஒரு பீரியட் முழுக்க நீங்கள் யார் யாரிடம் கேள்வி கேட்டீர்கள் என்று இருக்கைப் படத்தில் புள்ளி வைக்கச் சொல்லி ஒரு சக ஆசிரியரைப் பின்னால் உட்காரவையுங்கள். ‘ப’வில் ஒரு நாள், வரிசையில் ஒரு நாள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புள்ளியே விழாத பெயர்கள் யார் யாருடையவை என்று தெரிந்துவிடும். இரண்டு தாளிலும் அதே பெயர்கள் இருந்தால் பெஞ்சை மறுபடி நகர்த்த வேண்டாம், அடுத்த நாள் வகுப்பை அந்தப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள்.